பாய்லர் சத்தம்

கிடேரி படுத்துவிட்டது. இனி அதுவாக ஈனாது என்று எமில் வோண்ட்ராவுக்குத் தெரிந்துபோயிற்று. தலையீத்து, கன்றோ பெரிது. வெளியே மார்ச் மாதக் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. ரேடியோக்காரன் இன்றைக்கு வெயில் என்று சொல்லியிருந்தான். எமில் அவனை என்றைக்கும் நம்பியதில்லை.

"லீடா! எங்க போய்த் தொலைஞ்ச?"

"இங்கதான் நிக்கிறேன். உங்க முதுகுக்குப் பின்னாடி."

மகள் கன்று இழுக்கும் சங்கிலியை வெந்நீரில் போட்டுக் கையோடு எடுத்து வந்திருந்தாள். நாற்பத்தாறு வயதுக்காரி. புருஷனை விட்டுவிட்டு அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்து வெகு காலமாயிற்று. இன்றைக்கு நல்ல சட்டை போட்டு, அதன்மேல் அழுக்குக் கோட்டை மாட்டியிருந்தாள்.

எமில் கிடேரியின் விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "ஹோ... ஹோ... ஒண்ணும் இல்லடி கண்ணு. நான் இருக்கேன். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சந்தான்..." அந்தக் குரல் மாடுகளுக்கு மட்டும். மனிதர்களுக்கு அது கிடைக்காது. அவர் மனைவி சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

கன்றின் முன்னங்கால்களில் லீடா சங்கிலியை மாட்டினாள். அவள் இழுக்க, அவர் கையை உள்ளே விட்டுத் தலையைத் திருப்பிக் கொடுத்தார். கிடேரி முக்கும்போது இழுத்து, மூச்சு வாங்கும்போது நிறுத்தினார்கள். கடைசியில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. லீடா அதன் மூக்கில் ஒரு வைக்கோல் துரும்பை விட்டாள். அது தும்மியது.

"பிழைச்சுக்கும்" என்றார் எமில்.

"நான்?"

அவர் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மதியம் கூட்டத்துல என் விஷயம் வருதுப்பா. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். அது வரும்போது எந்திரிச்சு வெளிய போயிடுவேன். மார்வின்கிட்டயும் சொல்லிட்டேன். பெத்த பொண்ணுக்காகக் கை தூக்கினான்னு எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாது."

"நீங்க வெளிய போனா மிச்சம் ரெண்டு பேரு. டோரிஸ் எனக்கு ஆதரவு, மார்வின் எதிர்ப்பு. சமமா நின்னா ஷெரிஃப் எழுதிக் குடுத்ததுதான் செல்லும். என்னை நீக்கச் சொல்லி அவரு எழுதிக் குடுத்திருக்காரு."

"ரூல் ரூல்தான்."

"அதைப் போட்டது யாரு?"

"போர்டு."

"போர்டுன்னா யாருப்பா? அந்த மேசையா? நாற்காலியா?"

எமில் கன்றைத் தாய்ப்பக்கம் இழுத்துவிட்டார். தாய் நக்க ஆரம்பித்தது.

சங்கதி இதுதான். வார்னிக் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தில் ஜெயிலை நடத்துவது போலீஸ் தலைவரான ஷெரிஃப். ஆனால் ஆள் போடுவதும் ஆளை நீக்குவதும் மூன்று பேர் கொண்ட கவுண்டி போர்டு. தீவனக்கடை மார்வின் ஓல்ட்மன் தலைவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டோரிஸ் கிரேப் ஒருத்தி. மூன்றாவது ஆள் எமில். எட்டாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். கவுண்டிப் பணத்தை எவனும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சந்தேகப்பிராணி வேண்டும் என்றுதான் ஜனங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவரும் குறை வைக்கவில்லை.

போன வருஷம் இன்சூரன்ஸ்காரன் ஒருவன் கழுத்தில் டையோடு வந்து, ஜெயிலில் ஏதாவது ஆனால் கவுண்டிதான் பணம் கட்ட வேண்டும் என்று பயமுறுத்திவிட்டுப் போனான். காவலர் இருவர் நின்றாலொழிய எந்த அறைக் கதவையும் திறக்கக் கூடாது என்று அன்று காலையில் தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் எமில். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த விஷயம். அப்படியானால் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இரண்டாவது காவலர் வேண்டும் என்று ஷெரிஃப் கேட்டார். நிலவரி ஏறும். "ஒரு வீட்டுக்கு ரெண்டு நாய் எதுக்கு?" என்றார் எமில். எல்லோரும் சிரித்தார்கள், ஊரும் கேட்டுச் சிரித்தது. அந்தக் கோரிக்கை விழுந்தது. காலையில் போட்டதையும் மதியம் வெட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருத்தரும் பார்க்கவில்லை.

லீடா அந்த ஜெயிலில்தான் காவலர். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காவலில் இருந்தாள். ரஸ் பிலேக் என்ற கைதிக்குச் சர்க்கரை வியாதி. திடீரென்று சர்க்கரை இறங்கி, அறைக்குள் விழுந்து, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. லீடா கதவைத் தனியாகத் திறந்தாள். உள்ளே போய் அவன் வாயில் தேனைத் தடவி உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டாமி என்ற இன்னொரு கைதி பின்கதவு வழியாக நடந்து போய்விட்டான். ஊரெல்லாம் தேடி, கடைசியில் அவன் அம்மா வீட்டு வாசலில் கண்டுபிடித்தார்கள். கைதி உடுப்போடு நின்று பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு இடுப்பு வலி, படியிறங்க முடியாது, அதனால் போனேன் என்றான். ஊர் சிரித்தது. பேப்பரில் வந்தது. ஷெரிஃபுக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. லீடாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்.

அப்பனும் மகளும் ஒரே பிக்கப்பில் டவுனுக்குப் போனார்கள். அந்த வண்டியை எமில் யாரிடமும் ஓட்டக் கொடுத்ததில்லை, லீடாவிடமும்தான். வீட்டு ரோடு முழுக்கச் சேறு. இந்த வருஷம் அந்த ரோட்டுக்குச் சரளை போட வேண்டும் என்று எமில் போர்டில் மூன்று கூட்டம் கத்தி வாங்கியிருந்தார்.

கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் ஜெயில். அதற்கு நேர் மேலே போர்டு கூடும் அறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்கு முன்னால் மூன்று பேரும் கீழே இறங்கி ஜெயிலைச் சுற்றிப் பார்த்து, கைதிகள் சாப்பிடும் தட்டிலேயே சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுவது அங்கே வழக்கம். லீடா மேலே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எமில் படியிறங்கினார்.

ஷெரிஃப் டெல் ஹாகன் வாசலிலேயே நின்று வரவேற்றார். நடைகூடத்தில் நாலு பேர் காவலர் சட்டையில் விறைப்பாக நின்றார்கள். எமில் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்தார்.

"டெல், உன் ஜெயிலுக்குள்ள இவ்வளவு சேறா?"

"என்ன சேறு?"

"இந்த மூணு பேரு பூட்ஸ்லயும் வடக்கு ரோட்டுச் செம்மண்ணு இருக்கு. ரோட்டுல போற போலீஸைக் கூட்டிட்டு வந்து சட்டைய மாத்தி நிறுத்தி வெச்சிருக்க."

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மார்வின் இருமினார். "எமில், சும்மா இரு. சாப்பாடு ஆறிடும்."

"சாப்பாடும் வாசம் தூக்குது. ஜெயில்ல என்னைக்குப் பன்னி வறுத்தாங்க?"

உண்மையான காவலர் ஒருத்திதான், ஜானெல். சின்னப் பெண், வீட்டில் கைக்குழந்தை. நடைகூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் அவள் இருப்பு. ஜெயில் காவலும் அவள்தான். கவுண்டி முழுக்க ஆபத்துக்குக் கூப்பிடுகிறவர்களின் போனை எடுப்பவளும் அவள்தான்.

ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. கைதி அமுக்கினால் காவலர் வந்து பார்க்க வேண்டும். ஷெரிஃப் ஒரு காலி அறைக்குள் போய் அமுக்கிக் காட்டினார். விரலை எடுப்பதற்குள் ஜானெல் வந்து நின்றாள்.

"இது நாடகம்" என்றார் எமில். அவருக்குத் தன் கையால் தொட்டால்தான் நம்பிக்கை. மின்வேலியில் கரண்டு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிற ஆள். "நான் உள்ள உக்காந்துக்கறேன். கதவைச் சாத்து. எல்லாரும் போங்க. எனக்கு எப்பத் தோணுதோ அப்ப அமுக்குவேன். அப்ப வரட்டும், பார்ப்போம்."

"நிஜமாவா?"

"ஏன், எனக்கு இங்க இடம் இல்லையா?"

ஷெரிஃப் சிரித்துக்கொண்டே கம்பிக் கதவை இழுத்து அடித்தார். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. "ஊர்ல பாதிப் பேருக்கு ரொம்ப நாள் ஆசை நிறைவேறிடுச்சு எமில்."

மார்வினும் டோரிஸும் சாப்பிடப் போனார்கள். எமில் கட்டில் பலகையில் உட்கார்ந்தார். அவசரப்படக் கூடாது, அவர்கள் அசந்த நேரத்தில் அமுக்க வேண்டும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் நடைகூடத்தில் ஒரே ஓட்டமும் கூச்சலுமாகக் கேட்டது. நெடுஞ்சாலையில் மாட்டு லாரி கவிழ்ந்துவிட்டது. பனிச் சறுக்கலில் மாடுகள் ரோடு முழுக்க. ஷெரிஃப் ஓடினார், செம்மண் பூட்ஸ்காரர்கள் மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள். பெரிய கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

எமில் பொத்தானை அமுக்கினார்.

யாரும் வரவில்லை. அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாட்டினாயா டெல், கையும் களவுமாகப் பிடித்தேன் என்று தொடையில் தட்டிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் அமுக்கினார். இன்னொரு தரம். பிறகு விரலை எடுக்காமலேயே நின்றார்.

எதிர் அறையில் யாரோ சிரித்தார்கள். "பெரியவரே, அது சும்மா அழகுக்கு வெச்சது."

"யாருடா அது?"

"ரஸ் பிலேக். ஹார்லி பிலேக் மகன்."

எமில் கம்பிக்கருகே போய்ப் பார்த்தார். ஒல்லியான ஆள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "உங்கப்பன் எனக்கு ஒரு நொண்டிக் குதிரைய வித்தான்."

"உங்களுக்குமா? அந்தக் குதிரைய எத்தனை பேருக்கு வித்தாரோ தெரியல."

"நீ எதுக்கு உள்ள வந்த?"

"குடிச்சுட்டுப் பன்னி லாரி ஓட்டினேன். பன்னி ஒண்ணும் புகார் குடுக்கல. வேற எவனோ குடுத்துட்டான்."

"உன்னாலதான் என் பொண்ணு வேலை போகுது."

அவன் சிரிப்பு நின்றது. "தெரியும் பெரியவரே. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அந்தம்மாவ விட்டுடுங்க. நான் மேல வந்து சொல்றேன்னு ஷெரிஃப்கிட்ட சொன்னேன். உன் வாய யார்றா கேட்டதுன்னாரு."

எமில் பலகையில் போய் உட்கார்ந்தார். கேட்க வேண்டாம் என்று நினைத்தார். ஆனாலும் கேட்டார்.

"அன்னைக்கு என்னடா நடந்தது?"

"எனக்குப் பாதிதான் நெனவு. தரையில கெடந்தேன். அந்தம்மா கதவுக்கு அந்தப் பக்கம். ஷெரிஃபுக்குப் போன் பண்ணாங்க, அவரு சர்ச்சுல. இன்னொருத்தருக்குப் பண்ணாங்க, அவரு முப்பது மைல் தள்ளி. யாரும் வரலன்னு தெரிஞ்சுது. அப்பக் கம்பிக்குள்ள கைய விட்டு என் தோளைத் தொட்டாங்க. எட்டுன மட்டும். 'ஹோ... ஹோ... ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன், இன்னும் கொஞ்சந்தான்'னாங்க. என்னடா இது, மாட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்றாங்களேன்னு தோணுச்சு. சிரிக்கலாம்னு பாத்தேன், வாய் வரல. அப்புறம் பூட்டு திறக்கற சத்தம் கேட்டுது. அவ்வளவுதான்."

எமில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் காலையில் பட்ட ரத்தம் இன்னும் போகவில்லை.

ஜானெல் வரும்போது கழுத்தில் ஹெட்போன் தொங்கியது, கையில் கைதிகளுக்கான சாப்பாட்டுத் தட்டு. எமிலைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள்.

"மிஸ்டர் வோண்ட்ரா! நீங்க இன்னும் போகலையா? நீங்களும் மேல போயிட்டீங்கன்னு நெனச்சேனே! பெல்லு அடிச்சுது, ரஸ்தான் விளையாடறான்னு விட்டுட்டேன். லாரி டிரைவர் கால் நசுங்கிக் கெடக்கறான், ஆம்புலன்ஸ்காரன் வழி தெரியாம கத்தறான்..."

"சரி சரி. திற."

அவள் இடுப்பில் சாவி இருந்தது. கை அங்கே போயிற்று, நின்றது. நடைகூடத்தை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நான் ஒருத்திதான் இருக்கேன்."

"அதனால?"

"ரெண்டு பேர் இல்லாம கதவு திறக்கக் கூடாதே."

எதிரிலிருந்து ரஸ் சொன்னான். "ரெண்டாவது நாய் மாடு பிடிக்கப் போயிருக்கு பெரியவரே."

"நீ வாய மூடு! ஏம்மா, நான் கைதியா? நான் போர்டு. நான் சொல்றேன், திற. மேல கூட்டம் ஆரம்பிக்கப் போகுது."

ஜானெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொன்னா திறக்கறேன். ஆனா வாய்விட்டுச் சொல்லுங்க. உங்க தலைக்கு மேல மைக் இருக்கு, பேசறதெல்லாம் பதிவாகும். 'ஜானெல், தனியா இருந்தாலும் கதவைத் திற'ன்னு சொல்லுங்க. நாளைக்கு என்னை மேல கூப்பிட்டு நிறுத்தினா, அதப் போட்டுக் காட்டுவேன். எனக்கு வேற வழி இல்ல மிஸ்டர் வோண்ட்ரா. எங்க வீட்டுல சம்பாதிக்கறது நான் மட்டுந்தான். லீடாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டேனே."

எமில் வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். ஒரே ஒரு வாக்கியம். உயிர் போகிறவனுக்காகக் கதவைத் திறந்த மகளை நீக்கட்டும் என்று விட்டுவிட்டு, தனக்குக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்பதற்காக இந்தப் பெண்ணை அதே கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

"வேண்டாம், திறக்காத. மேல போன் பண்ணு."

"பண்ணேன். வேற விஷயத்துக்கு. கிளார்க் எடுக்கல. கூட்டம்னா போனையெல்லாம் டிராயர்ல போட்டுப் பூட்டிடறாங்க. மார்வின் போட்ட ரூல்."

"எங்களுக்கு ரூல் போடறதத் தவிர வேற வேலையே இல்லையா?" என்றார் எமில். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடி அறையில் மறுபடி மணி அடித்தது. "போ, போய் எடு. அந்த டிரைவர் கால் போகப் போகுது."

அவள் கதவின் கீழ்ச் சந்து வழியாகத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு ஓடினாள். வறுத்த பன்றி இறைச்சி, மாவு உருண்டை, புளிக்க வைத்த முட்டைக்கோசு. எமில் ஒரு வாய் எடுத்து வைத்தார். ருசியாகத்தான் இருந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

"நல்லாச் சாப்பிடுங்க" என்றான் ரஸ். "நீங்க வர்ற அன்னைக்குத்தான் எங்களுக்கும் இது கெடைக்கும். மத்த நாள் பூரா பீன்ஸ்."

தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கூட்டம் ஆரம்பித்துவிட்டது. முதல் விஷயமே லீடாவுடையது. எமில் எழுந்து கம்பியைப் பிடித்தார். அங்கே தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. வெளியே போய்விடுவேன் என்று அவரேதான் சொல்லி வைத்திருந்தார். சொன்னபடி போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். லீடாவும் அப்படித்தான் நினைப்பாள். அப்பன் எங்கேயோ காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று.

"டேய் ரஸ். பெல்லுக்கு ஆள் வரலன்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"குழாய அடிப்போம்."

"எந்தக் குழாய?"

"உங்க பின்னாடி இருக்கே, சுடுதண்ணிக் குழாய். ஸ்பூனால அடிப்போம். மேல எங்கயாவது கேக்கும்னு ஒரு நெனப்பு. ஆனா ஒருத்தனும் வந்ததில்ல."

எமில் திரும்பிக் குழாயைப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க, கூட்டம் நடக்கும்போதெல்லாம் போர்டு அறையின் சுவரோரக் குழாயில் டங் டங் என்று கேட்கும். "பாய்லர் கிழடாயிடுச்சு" என்பார் மார்வின். எமில்தான் ரிப்பேர்க்காரனை வரவழைத்தார். அவன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பாய்லரில் ஒரு கோளாறும் இல்லை என்றான். வேலை தெரியாத திருட்டுப் பயல் என்று திட்டி அனுப்பினார். அதற்கப்புறமும் சத்தம் வந்தது. வரும்போது இரண்டு நிமிஷம் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நின்றதும் தொடர்வார்கள்.

"அன்னைக்கும் அடிச்சியா? விழறதுக்கு முன்னாடி?"

"அன்னைக்கு ஞாயிறு, மேல யாரு இருப்பா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு தடவ பல் வலியில ரொம்ப நேரம் அடிச்சேன்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய கூட்டம் எமிலுக்கு ஞாபகம் இருந்தது. சரளை விஷயம் பேசிக்கொண்டிருந்தபோது சத்தம் தாங்காமல் அவர் எழுந்து போய்க் குழாயை ஒரு உதை உதைத்திருந்தார்.

கோட்டுப் பையில் கையை விட்டார். வேலிக்கம்பி முறுக்கும் குறடு எப்போதும் அங்கே இருக்கும். போர்டு மெம்பரை யார் சோதனை போடப்போகிறார்கள்? அதை எடுத்துக் குழாயை ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். எதிர் அறையில் ரஸ்ஸும் தன் ஸ்பூனை எடுத்துக்கொண்டான்.

மேலே நடந்ததை டோரிஸ்தான் அப்புறம் சொன்னாள். லீடா எழுந்து நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். டங் டங் என்று சத்தம். மார்வின் வழக்கம்போல, "கொஞ்சம் இரு லீடா, பாய்லர் ஆரம்பிச்சுடுச்சு" என்றிருக்கிறார்.

"எது பாய்லர்?" என்று கேட்டிருக்கிறாள் லீடா.

"இதான். இது எப்பவும் இப்படித்தான். நின்னதும் பேசு."

லீடா மேலே நடக்கிற கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அவள் எப்போதும் கீழே இருக்கிறவள். சத்தம் கீழே எப்படிக் கேட்கும் என்று தெரியும், மேலே இப்படிக் கேட்கும் என்பது தெரியாது. சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு மூன்றாவது நாற்காலி காலியாக இருப்பதையும் பார்த்தாளாம்.

"அது பாய்லர் இல்ல மார்வின். கீழ யாரோ கூப்பிடறாங்க. ஜானெல் தனியா இருக்கா."

"உன் விஷயம் இன்னும் முடியல. இப்ப நீ எந்திரிச்சுப் போனா நான் ஓட்டுக்கு விட்டுடுவேன்."

"விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாளாம். டோரிஸ் பஸ் ஓட்டிய குரலில், "மார்வின், நான் அந்த மனுஷி திரும்பி வர்ற வரைக்கும் கை தூக்க மாட்டேன், நீ தனியா ஓட்டுப் போட்டுக்கோ" என்று உட்கார்ந்துகொண்டாளாம்.

பெரிய கதவு திறந்தது. ஜானெல்லைக் கூட்டிக்கொண்டு லீடா நடைகூடத்தில் வந்தாள். நல்ல சட்டை, கோட்டைக் காணோம். அறைக்குள் அப்பனையும் அவர் கையில் குறட்டையும் பார்த்தாள்.

"அப்பா. இங்க என்ன பண்றீங்க?"

"பெல்லு வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுதா?"

"இல்ல."

ரஸ் எதிரில் விழுந்து விழுந்து சிரித்தான். லீடா சிரிக்கவில்லை. "ஜானெல், சாவி போடு. நான் நடைக்கதவுகிட்ட நிக்கிறேன். ரெண்டு பேர் ஆச்சு."

"நீதான் சஸ்பெண்டுல இருக்கியே" என்றார் எமில். "உன்னைக் கணக்குல எடுக்கலாமா?"

லீடா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வெளிய வர்றீங்களா, இல்ல கூட்டம் முடியட்டுமா?"

அவர் வந்தார். வெளியே வரும்போது கதவின் கீழ்க் கம்பியில் கால் தடுக்கியது. லீடா தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஹோ... ஹோ" என்றாள் மெல்ல, தன்னை அறியாமல். அவர் கையைத் தட்டிவிடவில்லை.

மேலே அவர்கள் உள்ளே நுழைந்தபோது மார்வின் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "எமில்! இந்த விஷயத்துக்கு வெளிய போயிடுவேன்னு சொன்னியே?"

"வெளிய எங்க போனேன்? உள்ள போயிட்டேன். டெல் பூட்டினான், மாடு பிடிக்கப் போயிட்டான்." எமில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஓட்டுக்கு விடு."

"உன் பொண்ணு விஷயம். ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும். காலையில வரைக்கும் அந்தப் பேச்சுக்குத்தான் பயந்தேன். நீக்கக் கூடாதுன்னு கை தூக்கறேன்." தூக்கினார். டோரிஸும் தூக்கினாள். மார்வின் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

"முடிஞ்சுது. அடுத்தது..."

"முடியல. இன்னொரு தீர்மானம். ரெண்டாவது நாய்."

"என்னது?"

"நான் அன்னைக்குச் சொன்னதுதான். நீங்கல்லாம் சிரிச்சீங்க. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ரெண்டாவது ஆளு. அந்த ரூலும் இருக்கட்டும், ரூல்ல சொன்ன ஆளும் இருக்கட்டும். ஆள் இல்லாத ரூலு சும்மா பூட்டுதான்."

"பணத்துக்கு எங்க போறது எமில்? வரி ஏத்தலாமா? நீயே சொல்லு, நீ ஏத்த விடுவியா?"

எமில் தாடையைச் சொறிந்தார். வெகு நேரம் சொறிந்தார். "எங்க ரோட்டுக்குப் போடற சரளைய நிறுத்து. அதுல ஆரம்பி. பத்தலன்னா மத்ததுல கைய வை. நான் கூட உக்காந்து பாக்கறேன். எது எதுல வெட்டலாம்னு எனக்குத் தெரியும்."

"மூணு கூட்டம் கத்தின அந்தச் சரளையவா?"

"ஆமா, அதைத்தான். எழுது, மனசு மாறிடப் போகுது."

டோரிஸ் வழிமொழிந்தாள். அந்த நேரத்தில் சுவரோரக் குழாய் மறுபடி டங் டங் என்றது. மார்வின் வாயைத் திறந்தார், எமிலைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பெஞ்சில் லீடா இல்லை. படிகளில் அவள் காலடிச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வந்தாள். "ரஸ்தான். என்ன ஆச்சுன்னு கேட்டான்."

"சொன்னியா?" என்றார் மார்வின்.

"சொன்னேன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான். மூணு பேருக்கும்."

மார்வின் காது சிவந்து குனிந்துகொண்டார்.

சாயந்தரம் வீடு திரும்பும்போது ஊசிப் பனி மழையாகிவிட்டிருந்தது. தீவனமும் கன்றுக்கு மருந்தும் வாங்கி ஏற்றியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் இன்னும் ஒன்றிரண்டு மாடுகள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தன. வீட்டு ரோட்டில் திரும்பி, பள்ளத்தில் இறங்கியதும் பின்சக்கரம் புதைந்தது. எமில் முன்னே விட்டார், பின்னே விட்டார். வண்டி இன்னும் இறங்கியது.

லீடா ஜன்னல் வழியாகச் சேற்றைப் பார்த்தாள். "சரளை போட்டிருந்தா..."

"வாய மூடு."

அவள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக. இறங்கித் தள்ளுவதற்குக் கதவில் கை வைத்தாள்.

"நீ இரு" என்றார் எமில். வண்டியை அணைத்து, சாவியைப் பிடுங்கி, பார்க்காமலேயே அவள் பக்கம் நீட்டினார். "நல்ல சட்டை போட்டிருக்க. நகந்து உக்காரு. மெதுவா மிதி, நான் சொல்லும்போது."

அவர் இறங்கிப் பின்னால் போனார். தோளை வண்டியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "இப்ப!" என்று கத்தினார். சேறு முகத்திலும் மார்பிலும் அடித்தது. வண்டி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"ஹோ... ஹோ..." என்றார் எமில். "இன்னும் கொஞ்சந்தான்."